அம்மாவுக்கு வந்தது என்ன வருத்தம்?

பதினேழைப் பதின்மூன்றால் பெருக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் வெண்கட்டியோடு கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். விடை வராதது பெரிதல்ல; எங்கிருந்து தொடங்குவது என்பதே எனக்குத் தெரியவில்லை. "தலையிடிக்குது, நீங்களே செய்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். வெளியே ஆடி மாத வெயில் எரித்தது. எனக்கோ குளிர்ந்தது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. நாரந்தனையில் பிறந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கணக்குப் படிப்பித்து வந்தேன். என் கணவர் நடராசாவுக்கு ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வகுப்பில் இருந்த பிள்ளைகளின் பெயர்கள்தான் எனக்கு மனப்பாடம். அந்தப் பெயர்களும் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கியிருந்தன.

எங்கள் தீவுப் பக்கத்தில் வயதானவர்களுக்கு நினைவு தடுமாறினால் 'அறளை பேந்திட்டுது' என்பார்கள். அந்தச் சொல்லோடு கதை முடிந்துவிடும். ஏன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கடைசி இரண்டு வருடமும் அம்மா என்னை மகள் என்று அறியவில்லை. நான் போனால் "வாங்கோ, இருங்கோ" என்று கதிரையைக் காட்டுவார். நான் எழும்பும்போது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று மரியாதையாகக் கேட்பார். "நாரந்தனைதான்" என்பேன். "அப்ப கிட்டத்தான். அடிக்கடி வந்து போங்கோ" என்பார்.

ஆகவே, எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அம்மாவுக்கு எழுபது வயதில் வந்தது எனக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதை ஒளிப்பது ஒன்றுதான் வேலை. வரவு எழுதும் இடாப்பின் பின்பக்கத்தில், எந்த வாங்கில் எந்தப் பிள்ளை என்று பெயர்களை எழுதி வைத்தேன். குசினியில் எதை அடுப்பில் ஏற்றினேன் என்று மறக்காமலிருக்க, அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றேன். முகம் ஊதிக்கொண்டு வந்தது. தலைமயிர் சீப்போடு வந்தது. அவற்றை நான் ஒரு வருத்தமாக, நோயாகவே எண்ணவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரவேண்டியவள், எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வேலணையில் எல்லோரும் இறங்கிய பிறகும் இருந்தேன். "ரீச்சர், எங்கை இறங்கப் போறியள்?" என்று கொண்டக்டர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் எங்கள் ஊர்க்காரர். வேறொன்றும் கேட்காமல், திரும்பிப் போகும் பஸ்ஸில் என்னைக் கொண்டுவந்து வீட்டு வாசல் படலையில் விட்டுவிட்டு, கணவர் வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அன்று கணவர் வேலைக்குப் போட்ட சேட்டைக் கழற்றாமலே என் முன்னால் வந்து இருந்தார்.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"எப்பிடி?"

"என்னட்டை ஒளிக்காதையும். விடிய எழும்பினா நீர் விரலை மடக்கி மடக்கிப் பிள்ளையளின்ரை பேர் சொல்லிக்கொண்டிருக்கிறீர். நான் நித்திரை எண்டு நினைச்சீரோ?"

"அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குது" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

அவர் 'இல்லை' என்று ஆறுதல் சொல்லவில்லை. "நாளைக்கு லீவு போடுறன். பெரியாஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

பண்ணைப் பாலத்தால் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கடல். இந்தத் தண்ணீரையும் ஒருநாள் நான் இன்னதென்று அறியாமல் பார்த்துக்கொண்டிருப்பேனோ என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் வெளிநோயாளர் பிரிவு வாங்கில் மத்தியானம்வரை இருந்தோம். பெயர் எழுதித் தந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பெயரை நானே வாசித்தபடி இருந்தேன். கூப்பிடும்போது அது என் பெயர் என்று தெரியவேண்டுமே என்ற பயம்.

டொக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கண்ணாடி. நான் என் வருத்தத்தைச் சொல்லத் தொடங்க, இடையில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரீச்சர், உங்கடை குரல் எப்பவும் இப்பிடியோ?"

கணவர்தான் சொன்னார். "இல்லை டொக்டர். இவ பள்ளிக்கூடத்திலை தேவாரம் பாடுறவ. ஒரு வருசமா அடைச்சுக் கிடக்குது. தடிமன், சளி எண்டு நினைச்சனாங்கள்."

டொக்டர் என் கையின் தோலைத் தடவிப் பார்த்தார். புருவத்தின் வெளிநுனியில் மயிர் உதிர்ந்திருந்ததைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையில் என்னை முழங்காலில் நிற்க வைத்து, குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பில் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். பாதம் துடித்தது, பழைய நிலைக்கு வர நேரம் எடுத்தது. திரும்பவும் தட்டினார். வேறு டொக்டர் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். நினைவு போகிறது என்று வந்தவளுடைய காலில் இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றே என்னை வாட்டில் சேர்த்தார்கள்.

தலைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இருதயத் துடிப்பைத் தாளில் கோடாக எழுதும் இயந்திரத்தைப் பூட்டினார்கள். இரத்தம் எடுத்து, அதில் ஒரு பங்கைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். பெண்கள் வாட்டில் கட்டில்கள் எல்லாம் ஒரே மாதிரி. குளியலறைக்குப் போய்த் திரும்பினால் என் கட்டில் எது என்று தடுமாறி, இரண்டு தரம் வேறொருவரின் கட்டிலில் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு மிஸி, தாதி என்றால் எங்கள் பக்கத்தில் மிஸிதான், தன் பையிலிருந்த சிவப்பு றிபனை என் கட்டில் கம்பியில் கட்டிவிட்டார். "இது சும்மா வடிவுக்கு, அழகா இருக்கட்டும்" என்று மற்றவர்களுக்குக் கேட்கச் சொன்னார். அந்த உபகாரத்தை நான் மறக்கமாட்டேன்.

தினமும் காலையில் டொக்டர் சில கேள்விகள் கேட்பார். இன்று என்ன கிழமை? இது என்ன இடம்? பிறகு, "நூறிலையிருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கொண்டு வாங்கோ." நினைவையும் கவனத்தையும் அளக்க அப்படி ஒரு முறை இருக்கிறதாம். தொண்ணூற்று மூன்று என்றேன். எண்பத்தாறு என்றேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. என்னிடம் படித்த பத்து வயதுப் பிள்ளை செய்துவிடும் கணக்கு. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அவர் அவசரப்படாமல் நின்று, "நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் இடாப்பை வாங்கி, என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் வீடு எங்கே என்றும் எழுதியிருந்தார். "வீட்டை நினைச்சா முகம் வரும். முகம் வந்தா பேர் வரும்" என்றார். சில வந்தன.

கொழும்பிலிருந்து முடிவு வந்த அன்று பெரியண்ணையும் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். மாத்தளையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். இனக்கலவரத்துக்குப் பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு நாரந்தனைக்கே வந்துவிட்டார். கொப்பியும் பேனையும் இல்லாமல் முழு வியாபாரத்தையும் மனதில் வைத்திருந்த மனிதர். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தார்.

டொக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். "ரீச்சர், உங்களுக்கு அறளை இல்லை" என்றார்.

கழுத்தின் முன்பக்கத்தில் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து ஊறும் சத்துத்தான் உடம்பு முழுவதும் வேலை நடக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. எனக்கு அது ஏறத்தாழ வற்றிவிட்டது. அதனால்தான் குளிர், குரல் அடைப்பு, முகவீக்கம், பாதத்தின் மந்தம் எல்லாம். மூளையும் அதே மந்தத்தில் போய்விட்டது. அந்தச் சத்தைக் குளிசை மருந்தாகத் தரலாம். சீவியம் முழுவதும் குடிக்க வேண்டும். இருதயத்துக்குப் பாரமாகாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். இவ்வளவையும் டொக்டர் நிதானமாகச் சொன்னார்.

எனக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. "அப்ப அம்மாவுக்கும் இதுதானோ?" என்று கேட்டேன். ஒரு குளிசையால் தீர்ந்திருக்கக்கூடிய வருத்தத்தோடு அம்மாவைச் சாகவிட்டோமோ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

"அம்மாவுக்கு என்ன வருத்தம்?"

"அறளை."

"அது வருத்தத்தின்ரை பேர் இல்லை ரீச்சர். காய்ச்சல் எண்டு சொல்லுறமாதிரி. காய்ச்சலுக்குக் காரணம் எத்தினையோ இருக்குது. எப்பிடித் தொடங்கினது? படிப்படியா விழுந்தாவோ, இல்லாட்டிச் சரிவிலை இறங்கினமாதிரியோ?"

எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தொடங்கியபோது நான் மாற்றலாகிப் போய் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பெரியண்ணை தொண்டையைச் செருமினார்.

"படிப்படியாத்தான். நான் அப்ப ஊரிலை நிண்டனான். ஒருநாள் விடிய வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தது. நாட்டு வைத்தியப் பரியாரியார் எண்ணெய் தந்தார். ஒரு கிழமையிலை சரியாயிட்டுது. ஆனா அதுக்குப் பிறகு காய்கறிக்காரனோடை கணக்குப் பாக்க ஏலாமல் போட்டுது. பிறகு ஆறேழு மாசம் ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு ஒருநாள் கால் இழுத்தது. அதோடை வீட்டுப் படலை தெரியேல்லை."

"தலையிடி எண்டு சொல்லுறவவோ?"

"ஓம். எந்த நேரமும் நெத்தியிலை பத்துப் போட்டிருப்பா."

டொக்டர் தலையாட்டினார். "நான் பாக்காதவவைப் பற்றி நிச்சயமாச் சொல்லேலாது. ஆனா நீங்கள் சொல்லுறதைப் பாத்தா இரத்த அழுத்தம். மூளைக்குப் போற சின்னச் சின்னக் குழாயள் ஒவ்வொண்டா அடைபட்டிருக்கும். ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு படி." பிறகு பெரியண்ணையைப் பார்த்தார். "ஐயா, உங்கடை பிறஷர் எப்பவாவது பார்த்ததோ?"

"எனக்கேன் டொக்டர்? நான் நோயாளி பாக்க வந்தனான்."

"பாத்தால் நட்டமில்லை. கையை நீட்டுங்கோ."

பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். கேட்டார். காற்றை விட்டார். மற்றக் கையிலும் பார்த்தார். அவர் முகத்தை நான் கவனித்தேன். "ஐயா, எழும்ப வேண்டாம். கொஞ்சநேரம் அப்பிடியே இருங்கோ" என்றார். என் இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இருந்திருக்கலாம் என்று அவர் சொன்ன அந்த இரத்த அழுத்தம் பெரியண்ணைக்கு இருந்தது. குளிசையைத் தினமும் குடிக்கவேண்டும், சுருட்டை விடவேண்டும், கருவாட்டையும் உப்பையும் குறைக்கவேண்டும், மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வரவேண்டும் என்றார் டொக்டர். பெரியண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். டொக்டர் போனதும், "சுகமா வந்தவனை வருத்தக்காரன் ஆக்கிப்போட்டான்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்று எங்கள் எல்லோருடைய எண்ணமும் என்மேல்தான் இருந்தது.

குளிசை தொடங்கி மூன்றாம் கிழமையில் குளிர் விட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் நினைவு ஒரே நாளில் திரும்பி வரவில்லை. ஒரு சொல் வரும், இன்னொன்று போகும். நாலாம் மாதம் கிளினிக்கில், டொக்டர் கேட்க முன்னமே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வந்தேன். "ஒன்பது. இரண்டு. இனிக் கழிக்க ஏலாது" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றுதான் அவரிடம் கேட்டேன். "அறளை வராமல் தடுக்கேலுமோ டொக்டர்?"

"சிலதை ஏலும். சிலதுக்கு ஏன் வருகுதெண்டே எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சதை முதல்லை தேடோணும்." எதைத் தேடுவது என்றும் சொன்னார். எப்படித் தொடங்கியது, பிறஷர் பார்த்ததா, தலையில் அடிபட்டதா, குடிப்பழக்கம் உண்டா, சாப்பாடு ஒழுங்கா, என்னைப்போலக் குளிரும் வீக்கமும் உண்டா. ஒரு புதுக் கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் இந்தக் கேள்விகளை எழுதினேன். பிறகு சனிக்கிழமைகளில், அறளை வந்தவர்கள் இருந்த வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். ரீச்சர் என்றபடியால் படலையைத் திறந்தார்கள். நான் போன வீடு ஒன்றிலும் அந்த நோயாளிக்கு யாரும் பிறஷர் பார்த்திருக்கவில்லை. வயது போனால் அப்படித்தான் என்றார்கள். பனையிலிருந்து விழுந்து, சுகமாகி, ஒரு வருடத்தின் பின் நினைவு தடுமாறிய ஒருவரின் வீட்டில், அந்த விழுகைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒருவரும் நினைத்ததில்லை. காது கேட்காமல் போனவர்கள் ஆட்களோடு கதைப்பதை விட்டு, பிறகு மற்றதையும் விட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. டொக்டரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாது. எழுதி வையுங்கோ" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

எழுவைதீவுக்கு வள்ளத்தில் போனபோது என் வயதுடைய ஒரு பெண்ணைக் கண்டேன். மீன்பிடிக்காரரின் மனைவி. முகம் ஊதியிருந்தது. அடுப்படியில் நின்று, அடுப்பை மூட்டத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இது என் வருத்தம்தான், குளிசையால் சுகமாக்கலாம் என்று அவருடைய மனிசனிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் மனைவியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சோதித்துப் பார்த்தார்கள். தைரொயிட்டில் குறை ஒன்றுமில்லை. இது காரணம் தெரியாத வகை, மருந்தில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "நீங்கள் சுகமாகும் எண்டு சொன்னியள், ரீச்சர்" என்றார் அந்த மனிசன். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு நான் யாரிடமும் சுகமாகும் என்று சொன்னதில்லை. காட்டிப் பாருங்கோ என்றுதான் சொல்வேன்.

இப்படி ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்த நான், அடுத்த ஒழுங்கையில் இருந்த பெரியண்ணையிடம் கேட்கவில்லை. மூன்று மாதம் கிளினிக்குக்குப் போனார். தலையிடி இல்லை, நோவு இல்லை. சுகமாக இருப்பவனுக்குக் குளிசை எதற்கு என்று விட்டுவிட்டார். சுருட்டு மட்டும் தொடர்ந்தது. அவர் முற்றத்தில் சுருட்டோடு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். தகப்பன்போல் என்னை வளர்த்த மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று பேசாமல் வந்திருக்கிறேன். அது என் பிழை.

ஒரு மார்கழி விடியலில் சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாமல் நெடுநேரம் முற்றத்தில் நின்றிருக்கிறார். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நாங்கள் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, "ஒண்டுமில்லை, சரியாப் போம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த முறை நான் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் டொக்டர், "ஐயா, இது என்ன இடம்?" என்று கேட்டார்.

"கடை" என்றார் பெரியண்ணை.

"எந்தக் கடை?"

"எங்கடை கடைதான். மாத்தளை." சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். ஏதோ பிழையாகிவிட்டது என்று அவருக்கு விளங்கியது. எது பிழை என்றுதான் விளங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நல்லகாலம், அந்த மயக்கம் இரண்டு கிழமையில் தெளிந்தது. எல்லாம் தெளியவில்லை. கணக்குப் போய்விட்டது. சில நாட்களில் என் கணவரின் பெயர் வராது. "தபால்காரத் தம்பி" என்று சமாளிப்பார். இப்போது குளிசையைக் காலையில் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சுருட்டை விட்டுவிட்டார். கருவாடு வீட்டுக்கு வருவதில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கோயில் தேர்முட்டிவரை இரண்டு பேரும் நடந்து வருகிறோம். இரண்டு வருடமாகப் புதிதாக ஒன்றும் போகவில்லை. இதற்கு மேல் தன்னால் சொல்ல முடியாது என்கிறார் டொக்டர்.

போன கிழமை பெரியண்ணை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மேசையிலிருந்த கொப்பியை எடுத்துப் புரட்டினார்.

"இதிலை என்ரை கதை இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"ஏன்?"

"உங்களைக் கேக்காமல் எப்பிடி எழுதுறது?"

"எழுது. டொக்டர் சொன்னவர், நான் கேக்கேல்லை. குளிசையை விட்டுட்டன். அதாலைதான் வந்ததெண்டு எழுது."

"அதாலை மட்டுந்தான் எண்டு நிச்சயமாச் சொல்லேலாது அண்ணை."

"நிச்சயமாத் தெரியாதெண்டதையும் எழுது. ஆனா நான் விட்டுட்டன் எண்டதை எழுது. நாலு பேர் வாசிச்சுக் குளிசையைக் குடிக்கட்டும்."

நான் பேனையை எடுத்தேன். அவர் ஏதோ ஒரு சொல்லைத் தேடுவதுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நான் வந்து, அப்பிடியொண்டும் சொல்லேல்லை எண்டு உன்னோடை சண்டை பிடிப்பன். அப்ப அழிச்சுப்போடாதை, பிள்ளை."